ஒரு சீசனுக்குள் மாறும் அணி: கல்லூரிக் கூடைப்பந்தில் தாக்குதலும் தடுப்பும்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணி ஒன்று நவம்பரில் ஆடும் ஆட்டமும் அதே அணி மார்ச்சில் ஆடும் ஆட்டமும் ஒன்றாக இருப்பது அரிது. வீரர்கள் பெரும்பாலும் அவர்களேதான், பயிற்சியாளரும் அவரேதான். ஆனாலும் பந்து யார் கையில் அதிக நேரம் இருக்கிறது, எந்த இடத்திலிருந்து கூடைக்கு வீசப்படுகிறது, எதிரணி வீரரை யார் எங்கே மறிக்கிறார் என்பதெல்லாம் ஐந்து மாதங்களுக்குள் மாறிவிடுகின்றன. சில அணிகள் இந்த மாற்றத்தால் பட்டம் வெல்கின்றன. சில அணிகள் மாற முடியாமல் சரிகின்றன. தாக்குதல் எப்படி மாறுகிறது, தடுப்பு எப்படி மாறுகிறது, இரண்டில் எதற்கு சீசனின் நடுவில் மாற அதிக இடமுண்டு ஆகிய கேள்விகளுக்கு விடை தேட 2014–15ஆம் ஆண்டின் டியூக் பல்கலைக்கழக அணி மிகச் சிறந்த சான்று. அதையே மையமாக வைத்து, வேறு மூன்று அணிகளின் அனுபவமும் இங்கு ஒப்பிடப்படுகிறது.

சீசனின் அமைப்பு

முதல் பிரிவு ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்து சீசன் நவம்பரில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரத்தில் முடிகிறது. நீண்ட தூரம் போகும் அணி சுமார் நாற்பது ஆட்டங்கள் ஆட நேரும். முதல் இரு மாதங்களில் எதிரணிகளைக் கல்லூரிகளே பேசி முடிவு செய்கின்றன. அதனால் எளிதான ஆட்டங்கள் அதில் நிறைய இருக்கும். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை தங்கள் மாநாட்டுக்குள், அதாவது ஒரே கூட்டமைப்பைச் சேர்ந்த கல்லூரிகளுக்குள், ஆட வேண்டும். பிறகு மாநாட்டுப் போட்டி, கடைசியாக 68 அணிகள் மோதும் தேசியப் போட்டி. தேசியப் போட்டியில் ஒரு தோல்வியோடு சீசன் முடிந்துவிடும்.

இந்த அமைப்பே மாற்றத்தைத் தூண்டுகிறது. டிசம்பரில் பலவீனமான அணிகளிடம் எடுபட்ட வழிகள் ஜனவரியில் எடுபடுவதில்லை. அதற்குள் ஒவ்வோர் அணியின் பத்து ஆட்டங்களுக்கு மேல் வீடியோவில் பதிவாகியிருக்கும். எதிரணிப் பயிற்சியாளர்கள் அவற்றைப் பார்த்துக் குறைகளைக் குறித்து வைத்திருப்பார்கள். மாநாட்டுக்குள் ஒரே எதிரணியை இருமுறை, சில சமயம் மூன்று முறை சந்திக்க நேர்வதால், ஒரு தடவை பிடிபட்ட குறை அடுத்த முறையும் சோதிக்கப்படும். தொழில்முறை அணிகளைப் போல நடுவில் ஆளை விற்கவோ வாங்கவோ கல்லூரி அணியால் முடியாது. கையில் உள்ளவர்களை வைத்தே வழி காண வேண்டும்.

இளம் வீரர்களின் வரவு இன்னொரு காரணம். உயர்நிலைப் பள்ளி முடித்து ஓராண்டு ஆன பிறகே என்.பி.ஏ. தேர்வுக்குத் தகுதி என்ற விதி 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பின் மிகத் திறமையான பலர் ஒரே ஓர் ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டுச் செல்கிறார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் முறையாக அணித் தடுப்பைக் கற்கும் வீரர்களை நம்பி ஆடும் அணி, சீசன் முழுவதும் கற்றுக்கொண்டே ஆடுகிறது.

மாற்றத்தை அளக்கும் முறை

ஓர் ஆட்டத்தில் எத்தனை புள்ளிகள் எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்பது மட்டும் அணியின் தரத்தைச் சொல்லாது. வேகமாக ஆடும் அணி அதிகம் எடுக்கும், அதிகம் கொடுக்கும். நிதானமாக ஆடும் அணிக்கு இரண்டும் குறையும். அதனால் கணக்கு வாய்ப்பின் அடிப்படையில் போடப்படுகிறது. ஓர் அணி பந்தைக் கைப்பற்றியது முதல் அது எதிரணியிடம் போகும்வரை ஒரு வாய்ப்பு. 80 வாய்ப்புகளில் 80 புள்ளிகள் எடுத்த அணியின் தாக்குதல் திறன் நூற்றுக்கு 100. 60 வாய்ப்புகளில் 64 புள்ளிகள் எடுத்த அணியின் திறன் ஏறத்தாழ 107. புள்ளிப் பலகையில் பின்தங்கியதுபோலத் தோன்றும் இரண்டாவது அணியின் தாக்குதலே மேலானது. இதே கணக்கைக் கொடுத்த புள்ளிகளுக்குப் போட்டால் தடுப்பின் திறன் தெரியும்.

திறன் ஏன் கூடியது அல்லது குறைந்தது என்பதை புள்ளிவிவர ஆய்வாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகள் விளக்குகின்றன: வீச்சின் துல்லியம், பந்து இழப்பு, தவறிய பந்தைத் தாக்கும் அணியே மீண்டும் பிடிக்கும் ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ வாய்ப்பு. வீச்சின் துல்லியத்தைக் கணக்கிடும்போது மூன்று புள்ளி வீச்சுக்கு ஒன்றரை மடங்கு மதிப்புத் தரப்படுகிறது. கென் பொமராய் வெளியிடும் தரவரிசை எதிரணியின் பலத்தையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. டிசம்பர் எண்களையும் பிப்ரவரி எண்களையும் ஒப்பிட இந்தத் திருத்தம் கட்டாயம் தேவை. இல்லையென்றால் எதிரணிகள் வலுவானதைத் தன் அணி தளர்ந்ததாக எடுத்துக்கொள்ள நேரும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எதிரணியின் மூன்று புள்ளி வீச்சுகள் கூடையில் விழுவது தடுப்பவரின் கையில் ஓரளவுக்குத்தான் உள்ளது. எத்தனை முறை வீச விடுகிறோம் என்பதில்தான் தடுப்பின் கை ஓங்கியிருக்கிறது. இரண்டு மூன்று ஆட்டங்களின் எண்களைக் கொண்டு தடுப்பு திருந்திவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

டியூக் 2014: குறையை மறைத்த தொடக்கம்

மைக் ஷிஷெவ்ஸ்கி 1980 முதல் 2022 வரை டியூக்கின் பயிற்சியாளராக இருந்தார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் பயிற்சியாளர் பாப் நைட்டிடம் ஆடிப் பழகியவர். ஆளுக்கு ஆள் தடுப்பு அவருடைய அணிகளின் அடையாளமாக இருந்தது. ஒவ்வொரு தடுப்பாளரும் ஒரு வீரரை ஏற்று, பந்து வரும் பாதைகளை அடைத்து, எதிரணியைக் கூடையிலிருந்து விலகி ஆட வைப்பதே அந்த முறை. 2014 மார்ச்சில் டியூக் தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே மெர்சர் அணியிடம் 71–78 என்று தோற்றது. அடுத்த சீசனுக்கு நான்கு புதியவர்கள் வந்தார்கள்: 211 செ.மீ. உயரமுள்ள சென்டர் ஜாலீல் ஓகஃபோர், பந்தை நடத்தும் கார்டு டையஸ் ஜோன்ஸ், ஃபார்வர்ட் ஜஸ்டிஸ் வின்ஸ்லோ, கார்டு கிரேசன் ஆலன். அவர்களோடு நான்காம் ஆண்டு மாணவர் குவின் குக் இருந்தார்.

தாக்குதல் முதல் நாளிலிருந்தே நிலைகொண்டது. ஓகஃபோர் கூடைக்கு அருகில் முதுகைத் திருப்பி நின்று பந்தை வாங்குவார். ஒருவர் மட்டும் மறித்தால் சுழன்று கூடை போடுவார். இருவர் வந்தால் வெளியே நிற்கும் குக்குக்கோ ஜோன்ஸுக்கோ பந்து போகும், அங்கிருந்து மூன்று புள்ளி வீச்சு. இது எளிய திட்டம், ஆனால் இதற்கு மறுமொழி கண்டவர்கள் குறைவு. டிசம்பர் 3 அன்று விஸ்கான்சின் அணியை அதன் சொந்த அரங்கில் டியூக் 80–70 என்று வென்றது. சீசனின் முதல் 14 ஆட்டங்களும் வெற்றியாக முடிந்தன.

தடுப்பின் குறை இந்த வெற்றிகளுக்குப் பின்னால் மறைந்திருந்தது. எதிரணியின் உயரமான வீரர் கார்டுக்கு ஸ்கிரீன் வைக்க, அதாவது கார்டின் தடுப்பாளரை உடலால் மறித்து வழி திறந்துவிட, மேலே வரும்போது ஓகஃபோரும் கூடையை விட்டு மேலே வர வேண்டியிருந்தது. வந்தால் கார்டின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. பின்வாங்கி நின்றால் கார்டு நின்ற இடத்திலிருந்தே தடையின்றி வீசினார். பின்னால் நிற்கும் மூவர் எந்தக் கணத்தில் நகர்ந்து இடைவெளியை அடைக்க வேண்டும் என்பதும் முதலாண்டு வீரர்களுக்குப் பிடிபடவில்லை. தனித் திறமையால் ஈடுகட்ட முடியாத குறை இது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவை எடுத்தால்தான் தீரும்.

ஜனவரி: சரிவும் ஸோன் தடுப்பும்

2015 ஜனவரி 11 அன்று நார்த் கரோலினா ஸ்டேட் அணி டியூக்கை 87–75 என்று வென்றது. இரண்டே நாள் கழித்து மயாமி அணி டியூக்கின் கேமரன் அரங்கிலேயே 90–74 என்று வென்று, அங்கு டியூக் தொடர்ந்து பெற்றிருந்த 41 வெற்றிகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இரண்டு ஆட்டங்களிலும் எதிரணிக் கார்டுகள் ஸ்கிரீனைச் சுற்றி வந்து விருப்பப்படி உள்ளே நுழைந்தார்கள். இரு ஆட்டங்களில் 177 புள்ளிகள் கொடுத்த அணி பட்டத்தைப் பற்றி நினைக்க முடியாது.

அடுத்த ஆட்டம் ஜனவரி 17 அன்று லூயிவில் அணியின் அரங்கில். அங்கு ஷிஷெவ்ஸ்கி தன் அடையாளத்தையே ஒதுக்கிவைத்தார். ஆட்டத்தின் பெரும்பகுதியில் டியூக் 2–3 ஸோன் முறையில் நின்றது. முன்னால் இருவர், பின்னால் மூவர் என்று ஒவ்வொருவரும் ஆளை விட்டு இடத்தைக் காப்பது அந்த முறை. ஓகஃபோர் கூடைக்கு முன்பே நிற்க முடிந்தது. ஸ்கிரீன் வைத்து அவரை மேலே இழுக்கும் வழி அடைபட்டது. வெளியிலிருந்து வீசுவதில் லூயிவில் வலுவான அணியாக இல்லை. முடிவு 63–52. நான்கு நாள் முன்பு 90 புள்ளிகள் கொடுத்த தடுப்பு இப்போது 52 மட்டுமே கொடுத்தது.

இந்த ஓர் ஆட்டத்தின் எண்ணைக் கொண்டு தடுப்பு திருந்திவிட்டதாகச் சொல்ல முடியாது. எதிரணியின் குறையும் அன்று டியூக்குக்கு உதவியது. ஆனால் இந்த மாற்றத்தின் பயன் அந்த ஆட்டத்தைத் தாண்டியது. தோல்வித் தொடர் நின்றதால் ஆளுக்கு ஆள் தடுப்பைப் பயிற்சியில் பதற்றமின்றிச் சீர்செய்ய நேரம் கிடைத்தது. ஸோனும் ஆளுக்கு ஆள் முறையும் மாறி மாறி வந்ததால் எதிரணிகள் ஒரே முறைக்கு மட்டும் தயாராகி வர முடியாமல் போயிற்று. ஜனவரி 25 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் செயின்ட் ஜான்ஸ் அணிக்கு எதிராகப் பின்தங்கியிருந்து 77–68 என்று வென்றபோது அது ஷிஷெவ்ஸ்கியின் ஆயிரமாவது வெற்றியாக அமைந்தது.

பிப்ரவரி: எட்டு பேர், சிறிய அணி

டிசம்பரில் ஒரு வீரர் வேறு கல்லூரிக்கு மாற முடிவு செய்து விலகினார். ஜனவரி இறுதியில் இன்னொருவர் அணியிலிருந்து நீக்கப்பட்டார். உதவித்தொகை பெற்று ஆடும் வீரர்கள் எட்டே பேர் மிஞ்சினார்கள். நெருக்கடியாகத் தோன்றிய இந்த நிலை பொறுப்புகளைத் தெளிவாக்கியது. யார் எத்தனை நிமிடம் ஆடுவார், எந்த வேலை யாருடையது என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இந்தக் காலத்தின் முக்கியமான மாற்றம் வின்ஸ்லோவின் இடம். ஜனவரியில் காயங்களோடு ஆடித் தடுமாறிய அவர் தேறியதும், வழக்கமாக உயரமான வீரருக்கு ஒதுக்கப்படும் நான்காம் இடத்தில் ஆடத் தொடங்கினார். சீசனின் பின்பாதியில் ஃபார்வர்ட் அமீல் ஜெஃபர்சனுக்குப் பதிலாக, வெளியிலிருந்து வீசவும் கடுமையாக மறிக்கவும் வல்ல மேட் ஜோன்ஸ் தொடக்க ஐவரில் இடம் பெற்றார். இதனால் ஓகஃபோரைத் தவிர மற்ற நால்வரும் வேகமான வீரர்கள் ஆனார்கள்.

இது தாக்குதல், தடுப்பு இரண்டையும் ஒருசேர மாற்றியது. தாக்குதலில் நான்கு பேர் வெளியே பரவி நின்றதால் ஓகஃபோருக்கு உள்ளே இடம் விரிந்தது. வின்ஸ்லோவை மறிக்க வந்த கனத்த ஃபார்வர்டுகள் அவர் வேகத்துக்கு முன் திணறினார்கள். தடுப்பில் எதிரணி ஸ்கிரீன் வைக்கும்போதெல்லாம் அந்த நால்வரும் ஆளை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஸ்கிரீனைச் சுற்றி ஓட வேண்டியதில்லை, பின்னால் இருப்பவர்கள் நகர்ந்து உதவவும் வேண்டியதில்லை. ஜனவரியில் பிடிபடாத கூட்டு முடிவுகளின் எண்ணிக்கையே குறைந்துவிட்டது. கடினமான பாடத்தை வீரர்கள் கற்றுத் தேர்ந்தது பாதி என்றால், பாடத்தையே எளிமையாக்கியது மீதிப் பாதி.

பலன் உடனே தெரிந்தது. ஜனவரி 31 அன்று அதுவரை தோல்வியே காணாத வர்ஜீனியாவை அதன் அரங்கில் 69–63 என்று டியூக் வென்றது. ஜனவரி 28 அன்று 73–77 என்று தோற்ற நோட்ர டாம் அணியை பிப்ரவரி 7 அன்று 90–60 என்று நொறுக்கியது. ஆனாலும் தடுப்பு முழுமையாக நிலைபெறவில்லை. பிப்ரவரி 25 அன்று வர்ஜீனியா டெக் அணியை வெல்லக் கூடுதல் நேரம் தேவைப்பட்டது, 86 புள்ளிகளும் கொடுக்க நேர்ந்தது. மார்ச் 13 அன்று மாநாட்டுப் போட்டியின் அரையிறுதியில் நோட்ர டாம் 74–64 என்று வென்றது. முன்னேற்றம் ஏற்ற இறக்கத்தோடுதான் வந்தது.

மார்ச்: தடுப்பு தாங்கிய அணி

தேசியப் போட்டியின் ஆறு ஆட்டங்களில் டியூக் கொடுத்த புள்ளிகள் முறையே 56, 49, 57, 52, 61, 63. சராசரி 56. எடுத்த புள்ளிகளின் சராசரி 72. சீசன் முழுவதற்குமான சராசரி 79 அளவில் இருந்தது. அதாவது பட்டத்தை நோக்கிப் போன வாரங்களில் டியூக் வழக்கத்தைவிடக் குறைவாகவே எடுத்தது. நவம்பரில் தாக்குதலால் வென்ற அணி மார்ச்சில் தடுப்பால் வென்றது.

ஹூஸ்டனில் நடந்த வட்டார ஆட்டங்கள் இதை விளக்கமாகக் காட்டின. யூட்டா, கொன்சாகா ஆகிய இரு அணிகளிடமும் ஓகஃபோருக்கு ஈடான உயரமுள்ள சென்டர்கள் இருந்தார்கள். இரு ஆட்டங்களிலும் ஓகஃபோர் பத்துப் புள்ளிகளை எட்டவில்லை. சீசன் தொடங்கியபோது அணியின் முழுத் தாக்குதலும் அவரைச் சுற்றியே அமைந்திருந்தது. அந்த அச்சு நின்றபோதும் அணி நிற்கவில்லை. யூட்டாவுக்கு எதிராக வின்ஸ்லோ 21 புள்ளிகள் எடுத்தார். கொன்சாகாவுக்கு எதிராக மேட் ஜோன்ஸ் 16 எடுத்தார். அரையிறுதியில் மிச்சிகன் ஸ்டேட் தொடக்கத்திலேயே 14–6 என்று முந்தியது, டியூக்கின் தடுப்பு இறுகியபின் ஆட்டம் 81–61 என்று முடிந்தது.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 6 அன்று இண்டியானாபொலிஸ் நகரில் நடந்தது. எதிரணி மீண்டும் விஸ்கான்சின். அந்த ஆண்டு பொமராய் தரவரிசையில் தாக்குதல் திறனில் முதலிடம் அதற்கே. 38 ஆட்டங்களில் தோல்வி காணாத கென்டக்கியை அரையிறுதியில் வீழ்த்திவிட்டு வந்திருந்தது. முதல் பாதி 31–31. இரண்டாம் பாதியில் சுமார் 13 நிமிடங்கள் மீதமிருக்கையில் விஸ்கான்சின் 48–39 என்று முன்னிலை. ஓகஃபோரும் வின்ஸ்லோவும் ஃபவுல் சிக்கலில் மாட்டியிருந்தார்கள். ஐந்தாவது ஃபவுல் விழுந்தால் ஆட்டத்திலிருந்தே வெளியேற வேண்டும்.

அந்த நேரத்தில் சீசன் முழுக்க அதிகம் ஆடாத கிரேசன் ஆலன் அடுத்தடுத்து எட்டுப் புள்ளிகள் சேர்த்தார். பிறகு டையஸ் ஜோன்ஸ் மேலே ஸ்கிரீன் வாங்கி ஆடத் தொடங்கினார். ஜனவரியில் டியூக்கைக் குலைத்த அதே ஆயுதம் இப்போது டியூக்கின் கையில் இருந்தது. ஸ்கிரீனைச் சுற்றி வந்த ஜோன்ஸ் சில முறை உள்ளே நுழைந்தார், சில முறை வெளியிலிருந்து வீசினார். இரண்டாம் பாதியில் மட்டும் 19 புள்ளிகள், மொத்தம் 23. கடைசி மூன்று நிமிடச் சொச்சத்தில் திரும்பி வந்த ஓகஃபோர் இரண்டு முக்கியக் கூடைகளைப் போட்டார். முடிவு 68–63. டியூக்கின் 68 புள்ளிகளில் 60 நான்கு முதலாண்டு வீரர்களுடையவை. 35 வெற்றி, 4 தோல்வியோடு சீசன் முடிந்தது. டியூக்குக்கு இது ஐந்தாவது பட்டம்.

மூன்று ஒப்பீடுகள்

2010–11இல் கனெக்டிகட் அணி முதல் பத்து ஆட்டங்களையும் வென்று தொடங்கியது. கார்டு கெம்பா வாக்கர் ஏறத்தாழத் தனியாகவே தாக்குதலைச் சுமந்தார். பிக் ஈஸ்ட் மாநாட்டில் எதிரணிகள் அவரை இருவராக வந்து மறித்தன. மாநாட்டுக் கணக்கு 9 வெற்றி, 9 தோல்வி. முதலாண்டு வீரர் ஜெரமி லாம்ப் நம்பகமான இரண்டாவது வீச்சாளராக வளர்ந்தபின் வாக்கர்மேல் இருந்த நெருக்கடி தளர்ந்தது. மாநாட்டுப் போட்டியில் ஐந்து நாளில் ஐந்து வெற்றி, பிறகு தேசியப் போட்டியில் ஆறு. இறுதியில் பட்லரை 53–41 என்று வென்றது. 64 முறை வீசிய பட்லர் 12 முறைதான் கூடையைக் கண்டது. இங்கு தாக்குதல் திட்டம் பெரிதாக மாறவில்லை. அதே திட்டத்துக்குள் பந்து போகும் கைகள் கூடின. கடைசி வெற்றியைத் தடுப்பே தந்தது.

வர்ஜீனியாவின் வழி வேறு. ஆண்கள் தேசியப் போட்டியில் 16ஆம் தரநிலை அணியிடம் தோற்ற முதல் 1ஆம் தரநிலை அணி என்ற பெயர் 2018 மார்ச்சில் அதற்கு வந்தது. மேரிலண்ட் பால்டிமோர் கவுன்டி அணி 74–54 என்று வென்றது. அப்போதைய பயிற்சியாளர் டோனி பென்னட்டின் தடுப்பு, அவர் தந்தை டிக் பென்னட் உருவாக்கிய பேக் லைன் முறை. ஐவரும் கூடையை நோக்கிச் சுருங்கி நின்று, உள்ளே நுழைய வழி விடாத தடுப்பு அது. அதை அவர் மாற்றவில்லை. தாக்குதலில், வீச்சாளர்கள் ஸ்கிரீன்களைச் சுற்றி ஓடும் பழைய முறையோடு, பந்தை வைத்திருப்பவருக்குத் தொடர்ந்து ஸ்கிரீன் வைக்கும் முறையையும் சேர்த்தார். 2018–19இல் தாக்குதல் திறனில் நாட்டின் உச்சிக்கு அருகில் வந்த வர்ஜீனியா, இறுதியில் டெக்சஸ் டெக்கை கூடுதல் நேரத்தில் 85–77 என்று வென்றது.

சிராக்யூஸ் 2013–14 எதிர்ச்சான்று. அப்போதைய பயிற்சியாளர் ஜிம் போஹைமின் 2–3 ஸோனோடு 25 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. பிறகு ஆடிய ஒன்பதில் ஆறு தோல்வி. பெரும்பாலும் தடுப்பு நிலைகுலையவில்லை. தேசியப் போட்டியில் டேட்டனிடம் தோற்ற ஆட்டத்தில்கூடக் கொடுத்தது 55 புள்ளிகளே. எடுத்ததோ 53, அன்று வீசிய பத்து மூன்று புள்ளி வீச்சுகளில் ஒன்றும் விழவில்லை. தாக்குதலின் வழிகள் எதிரணிகளுக்குப் பழகிவிட்டன, இரண்டாவது வழி அணியிடம் இல்லை.

கிடைக்கும் முடிவுகள்

நான்கு அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் சீசனின் நடுவில் மாற அதிக இடமுள்ளது தடுப்புக்கே என்பது தெரிகிறது. ஸோனுக்கு மாறுவதையோ ஆளை மாற்றிக்கொள்வதையோ பத்து நாள் பயிற்சியில் ஓரளவு கொண்டுவர முடியும். இடைவெளியை அடைப்பதும் குரல் கொடுப்பதும் ஆட ஆடப் படியும் பழக்கங்கள். தாக்குதலின் அடித்தளம் வீரர்களின் கைத்திறன். அது நடுவில் புதிதாக முளைப்பதில்லை. புதிய தாக்குதல் முறை வேண்டுமானால் வர்ஜீனியாவைப் போலக் கோடை விடுமுறையிலேயே தொடங்க வேண்டும். சீசனுக்குள் செய்ய முடிந்தது, கனெக்டிகட்டும் டியூக்கும் செய்ததுபோலப் பந்து போகும் கைகளைப் பெருக்குவது. அதைச் செய்ய முடியாத அணி சிராக்யூஸைப் போல நின்றுவிடுகிறது.

தாக்குதலையும் தடுப்பையும் தனித்தனியே மாற்றுவது பெரும்பாலும் கைகூடுவதில்லை என்பது இரண்டாவது முடிவு. வின்ஸ்லோ ஓரிடம் நகர்ந்தது இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றியது. யார் களத்தில் இருக்கிறார்கள் என்ற தேர்வு, எந்தத் திட்டம் என்ற தேர்வைவிட ஆழமானது.

மூன்றாவது முடிவு பயிற்சியாளரைப் பற்றியது. 35 ஆண்டு நம்பிய முறையை ஷிஷெவ்ஸ்கி லூயிவிலில் ஒதுக்கியது அதைக் கைவிட்டதாக ஆகாது. கற்றுக்கொண்டிருந்த இளைஞர்களுக்கு அது அவகாசம் வாங்கித் தந்தது. மார்ச்சில் டியூக் பெரும்பாலும் ஆளுக்கு ஆள் முறையிலேயே ஆடி வென்றது. நல்ல முறை ஒன்றை அணிக்குப் பழக்க, அது பழகும்வரை அணியைத் தோல்வியிலிருந்து காக்கும் தற்காலிக முறையும் தேவைப்படலாம். அந்த இரண்டையும் வேறுபடுத்தி அறிந்த பயிற்சியாளரின் அணியே மார்ச்சில் வளர்ந்து நிற்கிறது.